தாடையெலும்பு மீளமைப்பு அறுவைச் சிகிச்சை

தாடையெலும்பு மீளமைப்பு அறுவைச் சிகிச்சை என்பது நோய் அல்லது காயத்தின் காரணமாக இழக்கப்பட்ட தாடையெலும்பை, உடலின் வேறொரு பகுதியிலிருந்து எடுக்கப்பட்ட எலும்பு, தோல், தசை ஆகியவற்றைக் கொண்டு மீண்டும் அமைக்கும் அறுவைச் சிகிச்சை ஆகும். தாடையில் அரிதாகத் தோன்றும் ஆஸ்டியோசார்கோமா என்னும் எலும்புப் புற்றுநோய்க்கு, எலும்பின் பெரும்பகுதியை வெட்டி அகற்றுவதே முதன்மையான சிகிச்சை ஆகும். எனவே இந்நோயாளிகளில் பலருக்கு மீளமைப்பு தேவைப்படுகின்றது.

மெல்லுதல், விழுங்குதல், பேசுதல், முகத்தோற்றம் ஆகியன தாடையைச் சார்ந்தவை. இழக்கும் எலும்பை மீண்டும் அமைக்க இயலும் என்ற நிலை இருக்கும்போதே, அறுவை மருத்துவர் கட்டியைச் சுற்றியுள்ள நலமான திசுவையும் போதிய அளவு சேர்த்துத் தயக்கமின்றி அகற்ற முடிகின்றது. ஆகவே மீளமைப்பு முறைகளின் வளர்ச்சி, முகத்தோற்றத்தோடு மட்டுமன்றி, புற்றுநோயை முழுமையாக நீக்கும் வாய்ப்போடும் நேரடித் தொடர்புடையது.

தாடையெலும்பு ஆஸ்டியோசார்கோமா

ஆஸ்டியோசார்கோமா என்பது புற்றுக்கலங்கள் தாமே முதிராத எலும்புப் பொருளை உருவாக்கும் ஒரு புற்றுநோய் ஆகும். இது பெரும்பாலும் வளரிளம் பருவத்தினரின் கை, கால் நீள எலும்புகளில், குறிப்பாக முழங்காலை ஒட்டிய பகுதிகளில் தோன்றுகின்றது. இவற்றுள் ஏறத்தாழ 6 முதல் 7 விழுக்காடு மட்டுமே தாடையெலும்புகளில் காணப்படுகின்றது. ஆண்டொன்றுக்கு 10 இலட்சம் பேரில் ஒருவருக்கும் குறைவானவரையே தாடை ஆஸ்டியோசார்கோமா தாக்குகின்றது.

நீள எலும்புகளில் தோன்றும் வகைக்கும் தாடையில் தோன்றும் வகைக்கும் சில வேறுபாடுகள் உள்ளன. தாடை வகை பெரும்பாலும் 30 முதல் 40 வயதை ஒட்டியோரிடம் காணப்படுகின்றது. இது நுரையீரல் போன்ற தொலைவிலுள்ள உறுப்புகளுக்குப் பரவுவது ஒப்பீட்டளவில் குறைவு. ஆனால் அகற்றப்பட்ட இடத்திலேயே மீண்டும் தோன்றும் இயல்பு மிகுதி. இந்நோயால் ஏற்படும் இறப்புகளுக்கு இவ்வாறு அதே இடத்தில் மீண்டும் தோன்றுதல் ஒரு முதன்மைக் காரணமாக உள்ளது.

முன்னர்ப் பெற்ற கதிர்வீச்சுச் சிகிச்சை, பேஜெட் எலும்பு நோய், மரபுவழி விழித்திரைப் புற்று, லி-ஃபிரௌமேனி கூட்டறிகுறி ஆகியன இந்நோய்க்கான வாய்ப்பைக் கூட்டுகின்றன. எனினும் பெரும்பாலான நோயாளிகளிடம் குறிப்பிட்ட காரணம் எதுவும் கண்டறியப்படுவதில்லை.

அறிகுறிகள்

தாடையில் வீக்கம், வலி, காரணமின்றிப் பற்கள் ஆடுதல், கீழுதட்டிலும் மோவாயிலும் உணர்ச்சி மரத்துப்போதல் ஆகியன முதன்மையான அறிகுறிகள் ஆகும். இவ்வறிகுறிகளுள் சில பல்நோயின் அறிகுறிகளை ஒத்திருப்பதால், நோயாளி முதலில் பல் மருத்துவரையே நாடுகின்றார். பல்லைப் பிடுங்கிய பின்னரும் வீக்கம் தணியாமை, பிடுங்கிய குழியிலிருந்து திசு வளர்தல் போன்றவற்றால் நோய் வெளிப்படுவதும் உண்டு. கீழுதட்டில் காரணமின்றி மரத்துப்போதல் எப்பொழுதும் ஆராயப்பட வேண்டிய அறிகுறியாகக் கருதப்படுகின்றது. கீழ்த்தாடை எலும்பின் உள்ளே செல்லும் உணர்வு நரம்பு தாக்கப்பட்டிருப்பதை அது குறிக்கக்கூடும்.

எக்ஸ்-கதிர்ப் படத்தில், பல்லுக்கும் எலும்புக்கும் இடையிலுள்ள இணைநாரின் இடைவெளி சீராக அகன்று காணப்படுவது நோயின் தொடக்கநிலை அடையாளங்களுள் ஒன்று. வளர்ந்த கட்டிகளில் எலும்பிலிருந்து ஞாயிற்றின் கதிர்கள் விரிவது போன்ற தோற்றமும் காணப்படலாம். திசுவின் சிறு பகுதியை எடுத்து நுண்ணோக்கியில் ஆராய்ந்தே நோய் உறுதி செய்யப்படுகின்றது.

கட்டியை அகற்றுதல்

கட்டியை அதனைச் சுற்றியுள்ள நலமான திசுவுடன் ஒரே துண்டாக அகற்றுவதே அறுவையின் நோக்கமாகும். வெட்டப்பட்ட ஓரங்களில் புற்றுக்கலங்கள் இல்லாதிருப்பது நோயாளியின் வாழ்நாளைத் தீர்மானிக்கும் காரணிகளுள் மிக முதன்மையானது. காலிலோ கையிலோ பல செ.மீ. நலமான திசுவை எளிதில் சேர்த்து அகற்றலாம். தாடையைச் சுற்றியோ நாக்கு, கண்குழி, மண்டையோட்டின் அடிப்பகுதி, பெரிய குருதிக்குழாய்கள் ஆகியன நெருங்கி அமைந்துள்ளன. ஆதலால் இங்கு போதிய ஓரம் பெறுவது கடினம். மேல்தாடையில் தோன்றும் கட்டிகளில் இக்கடினம் இன்னும் கூடுகின்றது.

நீள எலும்புகளின் ஆஸ்டியோசார்கோமாவுக்கு மீத்தோட்ரெக்சேட், டாக்சோரூபிசின், சிஸ்பிளாட்டின் ஆகிய மருந்துகளைக் கொண்ட வேதிச்சிகிச்சை நிலைபெற்ற முறையாக உள்ளது. தாடை வகையில் இதன் பயன் எவ்வளவு என்பதில் மருத்துவரிடையே ஒருமித்த கருத்து இல்லை. நோய் அரிதாக இருப்பதால் பெரிய அளவிலான ஒப்பாய்வுகளை நடத்த இயலாமையே இதற்குக் காரணம். ஓரங்களில் புற்றுக்கலங்கள் எஞ்சியிருப்பின் கதிர்வீச்சுச் சிகிச்சை அளிக்கப்படலாம்.

தாடையை இழப்பதன் விளைவுகள்

கீழ்த்தாடை எலும்பு ஒரு வளைவு போன்றது. நாக்கையும் தொண்டையின் மேற்பகுதியையும் முன்னோக்கித் தாங்கும் தசைகள் இவ்வளைவின் முன்பகுதியில் இணைந்துள்ளன. முன்பகுதி அகற்றப்பட்டு மீளமைக்கப்படாவிடின் நாக்கு பின்னோக்கிச் சரிந்து மூச்சுவழியை அடைக்கக்கூடும். கீழுதடு தாங்குதலின்றித் தொங்கி, உமிழ்நீர் இடைவிடாது வடியும். மோவாய் முற்றிலும் இல்லாதது போன்ற இத்தோற்றம் மருத்துவ நூல்களில் 'ஆண்டி கம்ப் உருக்குறை' எனப்படுகின்றது. அமெரிக்காவில் 1917இல் தொடங்கிய 'தி கம்ப்ஸ்' என்னும் படக்கதைத் தொடரில், மோவாய் இல்லாமல் வரையப்பட்ட கதைமாந்தரின் பெயர் இவ்வாறு நிலைத்துவிட்டது.

பக்கவாட்டுப் பகுதி மட்டும் இழக்கப்பட்டால், எஞ்சிய தாடை வெட்டப்பட்ட பக்கமாக விலகுகின்றது. மேற்பற்களும் கீழ்ப்பற்களும் பொருந்தாமையால் மெல்லுதல் கடினமாகின்றது. மேல்தாடை இழக்கப்பட்டால் வாய்க்கும் மூக்குக்குமிடையே திறப்பு உண்டாகி, உணவும் நீரும் மூக்கின் வழியே வெளியேறும். பேச்சு மூக்கொலியாகிப் புரியாமற் போகும்.

வரலாறு

தாடையெலும்பை அகற்றும் அறுவை, அதனை மீளமைக்கும் அறுவையைவிட மிகவும் பழமையானது. பிரான்சின் கியோம் டூப்வித்ரான் 1812இல் பாரிசில் கீழ்த்தாடையின் ஒரு பகுதியை அகற்றினார். மயக்க மருந்து 1846இல் பொதுப் பயன்பாட்டுக்கு வரும் முன்னரே இத்தகைய அறுவைகள் நிகழ்ந்தன. ஆயினும் அகற்றப்பட்ட இடம் நெடுங்காலம் வெற்றிடமாகவே விடப்பட்டது.

செயற்கை அடைப்புகள்

அமெரிக்கக் குடியரசுத் தலைவர் குரோவர் கிளீவ்லாந்துக்கு 1893 சூலை 1 அன்று, 'ஒனைடா' என்னும் உல்லாசப் படகில் மறைவாக அறுவை செய்யப்பட்டது. அவரது இடப்பக்க மேல்தாடையின் ஒரு பகுதி சில பற்களுடன் அகற்றப்பட்டது. அவ்வாண்டு நாட்டில் நிலவிய நிதி நெருக்கடி மோசமடையக்கூடும் என்ற அச்சமே இம்மறைவுக்குக் காரணம். வன்கந்தக ரப்பரால் செய்யப்பட்ட அடைப்பு ஒன்று திறப்பை மூடியதால் அவரால் இயல்பாகப் பேச முடிந்தது. செய்தித்தாள் ஒன்றில் அவ்வாண்டே வெளியான செய்தி மறுக்கப்பட்டது. அறுவையில் பங்குகொண்ட வில்லியம் கீன் 1917இல் எழுதிய கட்டுரையின் வழியே உண்மை உறுதியானது.

உளப்பகுப்பாய்வின் நிறுவனரான சிக்மண்ட் பிராய்டுக்கு 1923இல் வியன்னாவில் வாய்ப்புற்று கண்டறியப்பட்டது. அவரது மேல்தாடையையும் அண்ணத்தையும் ஆன்ஸ் பிக்லர் என்னும் அறுவை மருத்துவர் பகுதியாக அகற்றினார். அவ்விடத்தை மூடும் பெரிய செயற்கை அடைப்பைப் பிராய்டு 1939இல் இறக்கும்வரை அணிந்திருந்தார். அது தொடர்ந்து வலியையும் புண்களையும் தந்தது. அவரது பேச்சும் பாதிக்கப்பட்டது. 16 ஆண்டுகளில் அவருக்கு 30க்கும் மேற்பட்ட அறுவைகள் நடந்தன. இவ்விருவருக்கும் இருந்தவை எலும்பில் தோன்றிய புற்றுகள் அல்ல. எனினும் எலும்பு மீளமைப்பு இல்லாத காலத்தில் ஒருவருக்கு எளிதாகவும் மற்றொருவருக்குக் கொடிதாகவும் அமைந்த வாழ்க்கையை இவை காட்டுகின்றன.

முதல் உலகப் போரும் எலும்பு ஒட்டுகளும்

முதல் உலகப் போரில் பதுங்குகுழிகளில் போரிட்ட வீரர்கள் பலர் முகத்தில் காயமுற்றனர். இங்கிலாந்தின் சிட்கப் நகரில் 1917இல் திறக்கப்பட்ட குயின்ஸ் மருத்துவமனையில், ஆரல்ட் கில்லீசும் அவரது குழுவினரும் 5,000க்கும் மேற்பட்ட வீரர்களுக்குச் சிகிச்சை அளித்தனர். விலா எலும்பு, இடுப்பெலும்பு ஆகியவற்றின் துண்டுகள் தாடையில் ஒட்டப்பட்டன. இவ்வொட்டுகளுக்குத் தமக்கெனக் குருதியோட்டம் இல்லை. சுற்றியுள்ள திசுவிலிருந்து புதிய குருதிக்குழாய்கள் வளர்ந்து வரும்வரை அவை தாக்குப்பிடிக்க வேண்டியிருந்தது. ஆகவே ஏறத்தாழ 6 செ.மீ.க்கு மேற்பட்ட இடைவெளிகளிலும், கதிர்வீச்சுப் பெற்ற இடங்களிலும், உமிழ்நீர் படும் காயங்களிலும் எலும்பு ஒட்டுகள் பெரும்பாலும் தோல்வியுற்றன.

நுண்ணறுவைக் காலம்

குருதிக்குழாய்களைத் தைத்து இணைக்கும் முறைக்காக அலெக்சி கரேல் 1912இல் நோபல் பரிசு பெற்றார். நுண்ணோக்கியின் துணையுடன் மிகச் சிறிய குழாய்களைத் தைக்கலாம் என்பதை ஜேக்கப்சன், சுவாரெஸ் ஆகியோர் 1960இல் காட்டினர். ஆஸ்திரேலியாவின் இயன் டெய்லர் 1975இல், கணைக்காலின் வெளியெலும்பான ஃபிபுலாவை அதன் குருதிக்குழாய்களுடன் எடுத்து, காயமுற்ற மற்றொரு காலில் பொருத்திய முறையை வெளியிட்டார். 1979இல் ஸ்டீபன் ஆரியன் விவரித்த மார்புத்தசை மடல் மென்திசு இழப்பை மூடப் பெரிதும் உதவிற்று. ஆனால் அது எலும்பைத் தருவதில்லை. 1989இல் நியூயார்க்கின் டேவிட் இடால்கோ, ஃபிபுலாவைப் பல இடங்களில் வெட்டி வளைத்துக் கீழ்த்தாடையை அமைக்கும் முறையை வெளியிட்டார். பெரிய தாடையிழப்புகளுக்கு இதுவே உலகெங்கும் மிகுதியாகப் பயன்படும் முறையாக நிலைபெற்றது.

எலும்பு பெறப்படும் இடங்கள்

குருதிக்குழாயுடன் எடுக்கப்பட்டு வேறிடத்தில் இணைக்கப்படும் திசுத்தொகுதி 'தனித்த மடல்' எனப்படும். தாடைக்குப் பயன்படும் முதன்மையான மடல்கள் வருமாறு:

* ஃபிபுலா: ஏறத்தாழ 25 செ.மீ. வரை நீளமான, உறுதியான எலும்பு கிடைக்கும். தலைப்பகுதியில் ஒரு குழு அறுவை செய்யும்போதே காலில் மற்றொரு குழு பணியாற்றலாம்.
* இடுப்பெலும்பு: உயரமும் பருமனும் மிக்கது, இயல்பான வளைவு உடையது. ஆனால் நீளம் குறைவு. எடுத்த இடத்தில் வலியும் குடலிறக்கமும் ஏற்படலாம்.
* தோள்பட்டை எலும்பு: பல திசைகளில் அமைக்கக்கூடிய பெரிய தோல், தசைப் பகுதிகளைத் தரும். மேல்தாடைக்கும் ஏற்றது.
* முன்கை ஆரை எலும்பு: மெல்லிய, நெகிழ்வான தோல் கிடைக்கும். எலும்பு குறைவாகவே கிடைக்கும். எஞ்சிய எலும்பு முறியும் இடருண்டு.

ஃபிபுலா மடல் முறை

திட்டமிடல்

முழங்காலுக்குக் கீழே இரண்டு எலும்புகள் உள்ளன. உடல் எடையின் பெரும்பகுதியை உள்ளெலும்பே தாங்குகின்றது. ஆதலால் மெல்லிய வெளியெலும்பின் நடுப்பகுதியை எடுத்தாலும் நடக்க முடியும். கணுக்கால் மூட்டின் உறுதிக்காகக் கீழ்முனையில் 6 முதல் 8 செ.மீ. எலும்பு விட்டுவைக்கப்படுகின்றது, முழங்கால் அருகிலும் ஒரு பகுதி விடப்படுகின்றது.

ஃபிபுலாவுக்குக் குருதி தரும் தமனி மடலுடன் எடுக்கப்பட்டுவிடும். எனவே எஞ்சிய இரு தமனிகளும் பாதத்துக்குப் போதிய குருதியைத் தருகின்றனவா என்று முன்னரே குருதிக்குழாய்ப் படம் எடுத்துப் பார்ப்பர். சிலருக்குப் பிறவியிலேயே பாதத்தின் குருதியோட்டம் இத்தமனியையே சார்ந்திருக்கும். அத்தகைய காலிலிருந்து எலும்பை எடுத்தால் பாதத்தையே இழக்க நேரிடும்.

2000களின் பிற்பகுதியிலிருந்து கணினிவழித் திட்டமிடல் பரவலாயிற்று. தாடை, கால் ஆகியவற்றின் சி.டி. படங்களைக் கொண்டு முப்பரிமாண மாதிரி அமைக்கப்படுகின்றது. தாடையை எங்கே வெட்டுவது, ஃபிபுலாவை எக்கோணத்தில் வெட்டுவது என்பன திரையில் முடிவு செய்யப்பட்டு, அவற்றுக்கேற்ற வெட்டு வழிகாட்டிகள் முப்பரிமாண அச்சில் உருவாக்கப்படுகின்றன. இதனால் அறுவை நேரம் குறைகின்றது. ஆனால் படம் எடுத்த பின்னர்க் கட்டி வளர்ந்திருந்தால், முன்னரே அச்சிட்ட வழிகாட்டி பொருந்தாமற் போகலாம்.

அறுவை

அறுவை பொதுவாக 8 முதல் 12 மணி நேரம் நீடிக்கும். வீக்கத்தால் மூச்சுவழி அடைபடாதிருக்கப் பெரும்பாலும் கழுத்தில் மூச்சுக்குழாய்த் துளையிடப்படுகின்றது. கட்டி அகற்றப்பட்டதும், காலில் குருதிக்குழாயோடு இணைந்திருக்கும் ஃபிபுலா தாடையின் வளைவுக்கேற்ப ஆப்பு வடிவில் வெட்டப்பட்டு மடக்கப்படுகின்றது. ஒவ்வொரு துண்டும் எலும்பைப் போர்த்தியுள்ள உறையின் வழியே குருதி பெறுவதால், துண்டுகளின் நீளம் 2 செ.மீ.க்குக் குறையாமல் இருக்குமாறு பார்த்துக்கொள்கின்றனர். பின்னர் துண்டுகள் டைட்டேனியத் தகட்டால் இணைக்கப்படுகின்றன.

மடலின் தமனியும் சிரையும் கழுத்திலுள்ள குழாய்களோடு நுண்ணோக்கியின் கீழ்த் தைக்கப்படுகின்றன. இக்குழாய்களின் விட்டம் சில மி.மீ. மட்டுமே. தலைமயிரினும் மெல்லிய இழையால் தையல் இடப்படுகின்றது. எலும்போடு எடுக்கப்பட்ட தோல், வாயின் உட்பரப்பிலோ முகத்தின் வெளிப்பரப்பிலோ ஏற்பட்ட குறையை மூடுகின்றது.

கண்காணிப்பு

அறுவைக்குப் பின் முதல் 2 அல்லது 3 நாட்கள் மிக முதன்மையானவை. குழாய்களில் குருதி உறைதல் பெரும்பாலும் இக்காலத்திலேயே நிகழ்கின்றது. தொடக்கத்தில் மணிக்கொரு முறை மடலின் நிறம், வெப்பம், அழுத்தி விட்டதும் குருதி திரும்பும் வேகம் ஆகியன பார்க்கப்படுகின்றன. மடல் வெளிறிக் குளிர்ந்தால் தமனியில் அடைப்பு. நீலம் பாய்ந்து வீங்கினால் சிரையில் அடைப்பு எனக் கருதப்படும். உடனே அறுவை அரங்குக்குக் கொண்டுசென்று அடைப்பை நீக்கினால் பல மடல்களைக் காப்பாற்ற முடியும். அனுபவமிக்க மையங்களில் ஏறத்தாழ 95 விழுக்காடு மடல்கள் நிலைபெறுகின்றன.

மேல்தாடை மீளமைப்பு

மேல்தாடையில் ஏற்படும் சிறிய திறப்புகளுக்குச் செயற்கை அடைப்பு இன்றும் பயன்படுகின்றது. இதனைக் கழற்றி அறுவை இடத்தை நேரில் பார்வையிடலாம் என்பதால், நோய் மீண்டும் தோன்றுகிறதா எனக் கண்காணிப்பது எளிது. ஆனால் பற்கள் பலவும் இழக்கப்பட்டால் அடைப்பைப் பற்றி நிறுத்த இடமிருக்காது. கண்குழியின் தளமும் அகற்றப்பட்டால் கண் கீழிறங்கி, இரட்டைப் பார்வை ஏற்படும். இத்தகைய பெரிய இழப்புகளுக்கு எலும்பு மடல்கள் விரும்பப்படுகின்றன.

உடனடி மீளமைப்பும் பிற்பட்ட மீளமைப்பும்

கட்டியை அகற்றும் அதே அறுவையில் தாடையை மீளமைப்பதே பொதுவான வழக்கம். வடுத்திசு உருவாகும் முன்னரே மீளமைப்பதால் வடிவம் சிறப்பாக அமைகின்றது. நோயாளியும் தாடையின்றி வாழும் காலத்தைத் தவிர்க்கின்றார்.

ஆயினும் ஆஸ்டியோசார்கோமாவில் ஒரு தனிச் சிக்கல் உண்டு. மென்திசுவின் ஓரங்களை அறுவையின்போதே உறையவைத்து வெட்டிச் சில நிமிடங்களில் ஆராயலாம். கடினமான எலும்பை அவ்வாறு வெட்ட இயலாது. சுண்ணச்சத்தை நீக்கிய பின்னரே ஆராய முடியும் என்பதால் முடிவு கிடைக்கச் சில நாட்கள் ஆகும். அதற்குள் புதிய எலும்பு பொருத்தப்பட்டிருக்கும். ஓரத்தில் புற்றுக்கலங்கள் இருப்பது பின்னர்த் தெரியவந்தால், மீளமைத்த பகுதியைக் கடந்து மீண்டும் வெட்ட வேண்டியிருக்கும். ஆதலால் ஓரம் குறித்து ஐயமுள்ள நோயாளிகளில், தற்காலிகத் தகட்டை வைத்துவிட்டு முடிவு வந்தபின் எலும்பைப் பொருத்துவதும் உண்டு. எலும்பை எவ்வளவு தள்ளி வெட்டுவது என்பது எக்ஸ்-கதிர், சி.டி., காந்த அதிர்வுப் படங்களைக் கொண்டு முன்னரே முடிவு செய்யப்படுகின்றது.

பற்களை மீட்டல்

ஸ்வீடனைச் சேர்ந்த பெர்-இங்வார் பிரானெமார்க், டைட்டேனியத்தோடு எலும்பு நேரடியாக ஒட்டி வளரும் என்பதைக் கண்டறிந்து, 1965இல் முதன்முதலாக நோயாளி ஒருவருக்கு டைட்டேனியப் பல்வேர்களைப் பொருத்தினார். இதே முறையில் ஃபிபுலாவிலும் பற்களைப் பொருத்தலாம். பொதுவாக எலும்புத் துண்டுகள் இணைந்து, சில மாதங்கள் கடந்த பின்னரே இது செய்யப்படுகின்றது. அகற்றல், மீளமைப்பு, பல் பொருத்தல் ஆகிய மூன்றையும் ஒரே நாளில் செய்யும் முறை 2013இல் அமெரிக்காவில் வெளியிடப்பட்டது. முன்னரே துல்லியமாகத் திட்டமிட வேண்டியிருப்பதால் இம்முறை பெரும்பாலும் புற்றல்லாத கட்டிகளுக்கே ஏற்றதாகக் கருதப்பட்டது.

ஃபிபுலாவின் உயரம் பற்களுள்ள கீழ்த்தாடையின் உயரத்தில் ஏறத்தாழ பாதியே. இக்குறையை ஈடுசெய்ய, எலும்பை இரண்டாக மடித்து ஒன்றன்மேல் ஒன்றாக வைக்கும் இரட்டையடுக்கு முறை சில இடங்களில் கையாளப்படுகின்றது.

அறுவைக்குப் பிந்தைய வாழ்க்கை

தொடக்கத்தில் மூக்கின் வழியே செருகப்பட்ட குழாய் மூலம் உணவு தரப்படுகின்றது. காயம் ஆறியபின் நீர்ம உணவு, மென்மையான உணவு எனப் படிப்படியாக வாய்வழி உணவு தொடங்கும். விழுங்கலுக்கும் பேச்சுக்கும் பயிற்சி தேவைப்படும். வாய் திறக்கும் அளவு குறையாதிருக்கத் தாடைப் பயிற்சிகளும் கற்பிக்கப்படுகின்றன. எலும்பினுள் செல்லும் உணர்வு நரம்பு கட்டியோடு அகற்றப்படுவதால், கீழுதடு அப்பக்கம் நிலையாக மரத்திருக்கும். சூடான உணவு பட்டாலோ உமிழ்நீர் வடிந்தாலோ நோயாளிக்குத் தெரியாமற் போவதுண்டு.

எலும்பு எடுக்கப்பட்ட காலில் தொடக்கத்தில் வலியும் வீக்கமும் இருக்கும். பெரும்பாலோர் சில வாரங்களில் நடக்கின்றனர். கணுக்கால் இறுக்கம், பெருவிரலை மடக்கும் வலிமை குறைதல் ஆகியன சிலருக்கு நீடிக்கின்றன. வளரும் சிறுவர்களில் கணுக்கால் வெளிப்புறமாகச் சாயும் வாய்ப்பு இருப்பதால் கூடுதல் கவனம் தேவை.

ஆஸ்டியோசார்கோமா மீண்டும் தோன்றக்கூடும் என்பதால், தாடையும் நுரையீரலும் பல ஆண்டுகள் முறையாகப் படமெடுத்துக் கண்காணிக்கப்படுகின்றன.

சிக்கல்கள்

* குருதிக்குழாய் அடைப்பால் மடல் முழுவதையும் இழத்தல்
* தொற்று, வாய்க்கும் கழுத்துத் தோலுக்குமிடையே புழை உண்டாதல்
* எலும்புத் துண்டுகள் இணையாமை
* தகடு வெளித்தெரிதல் அல்லது முறிதல்
* கதிர்வீச்சுப் பெற்ற எலும்பு மடிதல்
* பற்கள் பொருந்தாமை. வாய் திறக்க இயலாமை

பிற முயற்சிகள்

செருமனியின் கீல் நகர மருத்துவர்கள், டைட்டேனிய வலைக்குள் எலும்புத் தாதுவையும் நோயாளியின் எலும்பு மச்சையையும் வளர்ச்சிப் புரதத்தையும் இட்டு, அவரது முதுகுத் தசைக்குள் வைத்து எலும்பை வளர்த்தனர். பின்னர் அதனைத் தாடையில் பொருத்தினர். இது 2004இல் 'லான்செட்' இதழில் வெளியிடப்பட்டது. புற்று இருந்த இடத்தில் வளர்ச்சிப் புரதங்களைப் பயன்படுத்துவது நோயையும் தூண்டுமோ என்ற ஐயம் இம்முறையின் பரவலைத் தடுக்கின்றது. நெதர்லாந்தில் 2011இல், எலும்புத் தொற்றுற்ற 83 வயதுப் பெண் ஒருவருக்கு முப்பரிமாண அச்சில் உருவாக்கிய முழு டைட்டேனியக் கீழ்த்தாடை பொருத்தப்பட்டது. உயிரற்ற உலோகம் தானே ஆறுவதில்லை. கதிர்வீச்சும் தொற்றும் உள்ள இடங்களில் வெளித்தெரியும் இடரும் கூடுகின்றது. ஆகவே குருதியோட்டமுள்ள எலும்பே புற்றுநோயாளிகளுக்கு முதல் தெரிவாக இருந்து வருகின்றது.

தெற்காசியாவில் தாடை மீளமைப்பு பெரும்பாலும் எலும்புப் புற்றுக்காகச் செய்யப்படுவதில்லை. புகையிலை, பாக்கு ஆகியவற்றை மெல்லுவதால் ஈற்றிலும் கன்னத்திலும் தோன்றித் தாடையெலும்புக்குள் பரவும் வாய்ப்புற்றுக்காகவே மிகுதியாகச் செய்யப்படுகின்றது. அரிய நோயான ஆஸ்டியோசார்கோமா கொண்டவர்களும் இவ்வாறு பெருகிய அனுபவத்தால் பயனடைகின்றனர்.

இவற்றையும் பார்க்க

* ஆஸ்டியோசார்கோமா
* வாய்ப் புற்றுநோய்
* கீழ்த்தாடை எலும்பு
* நுண்ணறுவைச் சிகிச்சை
* ஒட்டறுவைச் சிகிச்சை